பம்பர் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனது

காருக்கு அடியில் தலையை நுழைத்ததுதான் தாமதம், வாயாடியின் வாய் நிறைய துரு கொட்டியது.

"தூ! தூ!" என்று துப்பிக்கொண்டே வெளியே உருண்டு வந்தான். நாக்கெல்லாம் இரும்புச் சுவை. உதட்டில் பழைய ஆயில். இமையில் என்னவோ ஒட்டிக்கொண்டு கிச்சுக்கிச்சு மூட்டியது. விரலால் எடுத்துப் பார்த்தான். செத்துப்போன கரப்பான் பூச்சியின் கால். காலையில் சாப்பிட்டதெல்லாம் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"என்ன இருக்கு?" என்று கேட்டார் மேடம். அவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, காரிலிருந்து பத்திரமான தூரத்தில் நின்றிருந்தார்.

"என்ன இல்லைன்னு கேளுங்க மேடம், சீக்கிரம் சொல்லிடலாம். தரை இல்ல. பின்சீட்டுக்குக் கீழ ஒரு தகரத் தட்டை வச்சு அடைச்சிருக்காங்க. பெட்ரோல் டேங்க்ல ஓட்டை, அதுல துணி சோப்பைத் தேச்சு மூடியிருக்கு. சைலன்சரை கம்பி தாங்குது, கம்பியை கயிறு தாங்குது, கயிறை யார் தாங்கறாங்கன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். இது கார் இல்ல மேடம். துரு எல்லாம் ஒண்ணா சேர்ந்து கார் மாதிரி நிக்குது, அவ்வளவுதான்."

மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்து மதிப்பிட்டவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். எதையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் பார்த்துவிடுவார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாயாடி செய்யும் வேலை, மேடத்தின் மூக்கு போக மறுக்கிற இடங்களுக்குத் தன் மூக்கைக் கொண்டுபோவது. ஊரில் இந்த ஜோடிக்கு மூக்கும் வாயும் என்றே பெயர்.

முந்தாநாள் மதியம் இந்தக் கார்தான் தெருமுனையில் இஸ்திரிக்காரர் ஒருவரை, அவருடைய தள்ளுவண்டியோடு சேர்த்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. இடித்த இடத்தில் ஹெட்லைட் வளையம் ஒன்று கிடந்தது, நீலக் கம்பி சுற்றியபடி. கம்பி சுற்றிய ஹெட்லைட்டோடு அந்த வட்டாரத்தில் ஓடுகிற கார் இது ஒன்றுதான். போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் காருக்குச் சொந்தக்காரரான பெரியவர், "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லிவிட்டார். காரை இழுத்துக்கொண்டு போகக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பம்பர் மட்டும் கையோடு வந்தது, கார் வரவில்லை. ஆகவே பம்பர் ஸ்டேஷனில் இருக்கிறது, கார் சந்தில் நிற்கிறது. வயதைப் பார்த்து, பெரியவரை இன்று சாயங்காலம் வரை வீட்டில் விட்டுவைத்திருந்தார் சப்-இன்ஸ்பெக்டர். அதற்குப் பிறகு கோர்ட், ஜெயில்.

மேடத்தைக் கூப்பிட்டவர் பெரியவரின் மகள். பள்ளிக்கூடத்து டீச்சர். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு வாசலில் நின்றார்.

"அப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை மேடம். எதிர்ல நிக்கிறது நானா ஜன்னலான்னு கேட்டுத்தான் பேசுவார். அவர் எப்படி ஓட்டுவார்? கண்ணு மங்கினதுல இருந்து உள்ள ஏறி உட்கார்றதுகூட இல்ல. ஏறினா ஓட்டணும்னு தோணும்னு பயம். ஆனா தினம் காலையில அதைத் தடவிக்கிட்டே இருப்பார். ஆயில் ஊத்துவார், தண்ணி ஊத்துவார், சோப்பு தேய்ப்பார். நிக்கிற காருக்கு எதுக்குப்பா தினமும் ஆயில்னு கேட்டா, நீ சும்மா இருன்னுடுவார். ஊத்துற ஆயில் எங்க போகுதுன்னே தெரியல."

"கார் எங்க போகுதோ, ஆயிலும் அங்கதான் போகுது," என்றார் மேடம்.

மகள் விழித்தார். "யாரோ தினமும் ஓட்டறாங்கன்னு சொல்றீங்களா?"

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"மெக்கானிக்தான். அவன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. நான் ஸ்கூலுக்குப் போயிட்டா வீட்ல அப்பா மட்டும்தான். எடுத்துட்டுப் போய்ட்டு வந்து நிறுத்தினா யாருக்குத் தெரியும்? தம்பிகூட அதான் சொன்னான். என் தம்பி டாக்டர் மேடம். பின்னாடி இருக்கற ஆஸ்பத்திரிலதான் இருக்கான். மதியம் நடந்தே வந்து அப்பாவுக்கு பிரஷர் பார்த்துட்டுப் போவான். அவன் இருக்கறதாலதான் நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்."

மேடம் ஒரு வழியாகக் கைக்குட்டையை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் பக்கம் இல்லாத மறுபக்கக் கதவின் ஜன்னல் வழியாக உள்ளே தலையை நீட்டினார். நீட்டிய வேகத்தில் வெளியே எடுத்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"என்ன மேடம், எலியா?"

"எலிப் புழுக்கை, ஊறிப்போன பஞ்சு, பெட்ரோல், யாரோ எப்பவோ எடுத்த வாந்தி. இதெல்லாம் இருக்க வேண்டியதுதான். நடுவுல ஒரு சுத்தமான வாசனை வருது. அதுதான் எனக்குக் குமட்டுது."

வாயாடியும் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் ஒரே நாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தான். உள்ளே எங்கும் விரல் கனத்துக்குத் தூசி. மறுபக்க சீட்டின் குறுக்கே மட்டும், ஸ்டியரிங் சீட் வரைக்கும், யாரோ தினமும் துடைத்துவிட்ட மாதிரி ஒரு பாதை பளபளவென்று கிடந்தது.

அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். விரல்களெல்லாம் கறுப்பு ஆயில். நகக்கண் வரை ஏறியிருந்த அந்த அழுக்கை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்த மாதிரி தெரியவில்லை.

"யாரும்மா அது? என் வண்டியை யாரு நோண்டறது?"

"உதவிக்கு வந்திருக்காங்கப்பா."

"என்ன உதவி? நான் ஓட்டினேன், நான் இடிச்சேன். இதுல துப்பறிய என்ன கெடக்கு?"

"ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றார் மேடம் பணிவாக. "முந்தாநாள் எப்படி ஏறி உட்கார்ந்தீங்கன்னு ஒரு தடவை காட்டிடுங்க. நான் போயிடறேன்."

பெரியவர் காரின் உடம்பைத் தொட்டுக்கொண்டே நடந்தார். தொட்ட இடத்திலெல்லாம் பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நேராக ஸ்டியரிங் பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார். தோளைக் கொடுத்து இழுத்தார். கைப்பிடிதான் ஆட்டம் கண்டது.

"ஈரத்துல இறுகியிருக்கும்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "முந்தாநாள் நல்லாத்தான் திறந்துச்சு."

வாயாடி குனிந்து கதவின் இடுக்கைப் பார்த்தான். கதவும் அதன் சட்டமும் ஒரே துருவாகச் சேர்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. அந்தப் பொருக்கின் மேல் ஒரு சிலந்தி, குடும்பத்தோடு வீடு கட்டிக் குடியிருந்தது.

"ஐயா, முந்தாநாள் திறந்துச்சுன்னா இந்தச் சிலந்தி ரொம்ப சுறுசுறுப்பான சிலந்திங்க," என்றான்.

"வாயை மூடு!" என்று கத்தினார் பெரியவர். "நான்தான் ஓட்டினேன். வேற யாரையும் இதுல இழுத்தா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

மேடம் வாயாடியைப் பார்த்துத் தலையை அசைத்தார். இருவரும் மெக்கானிக்கைத் தேடிக் கிளம்பினார்கள்.

மெக்கானிக்குக்கு அந்தப் பக்கத்தில் பட்டி என்று பெயர். எந்த ஓட்டையைக் காட்டினாலும் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி அனுப்பிவிடுவதால் வந்த பெயர். ஷெட்டுக்குள் அவன் ஒரு டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் விளிம்பில் கிரீஸ். அதை அவன் டீயோடு சேர்த்து உறிஞ்சியதைப் பார்த்து வாயாடிக்கு இரண்டாவது முறையாகக் குமட்டியது.

"அந்தப் பெரியவர் காரை நீ எடுத்து ஓட்டறதா சொல்றாங்களே?" என்று நேரடியாகவே ஆரம்பித்தார் மேடம்.

பட்டி தோளில் போட்டிருந்த துண்டை விலக்கினான். இடது கை, தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டில் இருந்தது.

"ஜாக்கி சரிஞ்சிடுச்சு மேடம். ஒரு மாசமா பல்லு விளக்கறதே பெரும்பாடு. கியர் போடற கை இது. நான் எங்க போய் காரை ஓட்டறது?"

"கட்டு அசல்தானா?" என்று வாயாடி தட்டிப் பார்த்தான். பட்டி போட்ட கூச்சலில் ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. "அசல்தான் மேடம். பட்டி பார்த்தது இல்ல," என்றான் வாயாடி.

"கடைசியா அந்தக் காரை எப்ப பார்த்தே?" என்றார் மேடம்.

"மழைக் காலத்துல. சைலன்சர் விழுந்துடுச்சுன்னு பெரியவர் கூப்பிட்டார். போய்க் கட்டிவிட்டேன். அப்பவே ஸ்டியரிங் பக்கக் கதவு அடைச்சுக்கிச்சு. போன வருஷம் வரைக்கும் ஜோராத் திறந்த கதவு. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், அசையல. கீலை வெட்டித்தான் எடுக்கணும். சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாருன்னு சொல்லாம வந்துட்டேன்."

"ஆக, ஓட்டறவங்க மறுபக்கம் ஏறி, நகர்ந்து போய் உட்காரணும்."

"ஏறினா மட்டும் போதுமா? அதைக் கிளப்பறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு மேடம். தலையைச் சுத்தி மூக்கைத் தொடணும். பல வருஷமா ஒரே வீட்ல வாழ்ந்த மருமகளுக்கு எந்த அலமாரி எப்படித் திறக்கும்னு தெரியுமே, அந்த மாதிரி. எனக்கே பத்து தடவை முக்கும். பெரியவர் தொட்டா மட்டும் ஒரே தடவை."

"பெரியவர் தொட்டா மட்டும்தானா?"

பட்டி டீயைப் பார்த்தான். "எனக்குத் தெரிஞ்சு அவர் மட்டும்தான்," என்றான்.

வெளியே வந்ததும் வாயாடி கணக்குக் கூட்டினான். "மேடம், ஓட்டத் தெரிஞ்சவருக்குக் கண்ணு இல்ல. கண்ணு இருக்கறவனுக்குக் கை இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டியிருப்பாங்களோ? ஒருத்தர் பார்த்துச் சொல்ல, ஒருத்தர் திருப்ப?"

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா. நீ முதல்ல அந்த வாயைக் கழுவணும்."

ஆஸ்பத்திரி, பெரியவர் வீட்டுச் சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. மேடம் அதன் வழியாக உள்ளே போனார். வாயாடி குழாயடியில் நின்று, துருவின் ருசி போகும் வரை வாய் கொப்பளித்தான். பக்கத்தில் ரத்தக்கறை படிந்த பஞ்சு ஒரு வாளியில் வழிந்து கிடந்தது, ஈக்கள் திருவிழா போலக் கூடியிருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய பக்கம், கொட்டகையின் கீழ், கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு புதுக் கார் நின்றது. இன்றைக்கு இந்த ஒரு நல்ல காட்சியாவது கிடைத்ததே என்று அதில் சாய்ந்துகொண்டான்.

"ஏய், தள்ளி நில்லு! டாக்டர் கார்!" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"டாக்டர் எங்க?"

"உள்ளதான் இருக்கார். கார் நிக்குதுல்ல?"

"நல்ல கார். எப்ப பார்த்தாலும் இங்கயே நிக்குமா?"

"காலையில வந்தா சாயங்காலம்தான் எடுப்பார். பெரிய ஆபீசர் யாராவது வந்து எட்டிப் பார்த்தாக்கூட, கார் நிக்குது, டாக்டர் இருக்கார்னு போயிடுவாங்க," என்று பெருமையாகச் சொன்னார் வாட்ச்மேன், ஏதோ தானே அந்தக் காரைப் பெற்றெடுத்தவர் போல.

மேடம் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. காருக்குள் எட்டிப் பார்த்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

"இஸ்திரிக்காரரோட சம்சாரத்தைப் பார்த்தேன்," என்றார். "அவர் காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்களாம்."

நின்று நின்று வாழ்கிற பிழைப்பு இஸ்திரிப் பிழைப்பு. அந்த ஆளுக்கு இனி என்ன இருக்கிறது என்று நினைத்தபோது, கொப்பளித்துத் துப்பிய துரு வாயாடியின் வாயில் மறுபடியும் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மேடம் சற்றுத் தள்ளிப் போய் இரண்டு பேருக்கு போன் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

அவர்கள் பெரியவர் வீட்டுக்குத் திரும்பியபோது சந்தில் டாக்டர் தம்பி வந்து நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு மடிப்புக் கலையவில்லை. மருந்து கலந்த சோப்பு வாசனை நாலடி முன்னால் வந்து வணக்கம் சொன்னது. அக்காவிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"அக்கா, உனக்கு அறிவிருக்கா? அப்பாதான் ஒத்துக்கிட்டார்ல? வயசானவர், பெரிசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வக்கீலைப் பார்க்காம, தெருவுல போற துப்பறியறவங்களை எல்லாம் எதுக்குக் கூப்பிட்டே?"

"தெருவுல போறவங்க இல்ல டாக்டர், சந்துல நிக்கறவங்க," என்றான் வாயாடி.

டாக்டர் அவனை, காலில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "இந்தக் குப்பையை அப்பவே எடைக்குப் போட்டிருக்கணும். நான் இதைத் தொட்டே வருஷக் கணக்காச்சு. பார்த்தாலே உடம்பு கூசுது."

பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் சந்து முனையில் ஒரு நாற்றம் திரும்பியது. முதலில் நாற்றம் வந்தது, பிறகு ஹாரன் வந்தது, அதற்குப் பிறகுதான் லாரி வந்தது. கழிவுநீர் லாரி. பின்பக்கக் குழாயிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டிக்கொண்டு, சந்தை அடைத்தபடி வந்து, காரின் மூக்கில் மூக்கை வைத்து நின்றது.

"யோவ், யாரு வண்டிய்யா இது? எடுங்கய்யா!" என்று டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார். கையை ஹாரனிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஐயோ கடவுளே!" என்று மகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. மேடத்தின் கண்ணில் நீரே வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டரிடம் வாங்கி வைத்திருந்த சாவியை வாயாடியிடம் எறிந்தார்.

"கொஞ்சம் நகர்த்திடு."

வாயாடி மறுபக்கக் கதவை இழுத்தான். அது பாதி திறந்து மாட்டிக்கொண்டது. உடம்பைக் குறுக்கி நுழைந்து, புழுக்கைகளை மிதித்து நகர்ந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். கார் இருமியது. மறுபடி திருப்பினான். கார் கனைத்தது. ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தான். எங்கிருந்தோ ஒரு கறுப்புப் புகை கிளம்பி அவன் மூஞ்சியில் அறைந்தது. லாரி ஹாரன் நிற்காமல் அலறியது. வாயாடி ஆவேசமாகக் கியரை இழுத்தான். பல்லோடு பல் அரைபடுகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது.

டாக்டரின் முகம் கோணியது.

"ஆக்ஸிலேட்டரை மிதிக்காதய்யா! அடைச்சுக்கும்!"

வாயாடி இன்னும் பலமாக மிதித்தான்.

"ஐயோ, கியரை அப்படி இழுக்காதே! கையோட வந்துடும்! இறங்கு! இறங்குய்யா முட்டாள்!"

டாக்டர் பாய்ந்து வந்தார். மாட்டிக்கொண்ட கதவை முழங்காலால் கீழிருந்து லேசாக ஒரு தூக்குத் தூக்கி இழுத்தார். கதவு வெண்ணெய் போலத் திறந்தது. வாயாடியைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அந்தச் சீட்டில் ஏறி, ஒரே வழுக்கலில் ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேர்ந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு தட்டு. பிரேக்கில் மூன்று மிதி. சாவியை அரைத் திருப்பு திருப்பி, ஒரு மூச்சு பொறுத்து, முழுதாகத் திருப்பினார்.

கார் ஒரே தடவையில் கிளம்பியது. கியர் நழுவாமல் முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுவருக்கு விரல் இடைவெளி விட்டுப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். லாரி தன் நாற்றத்தை அனைவருக்கும் பகிர்ந்தளித்துவிட்டுக் கடந்து போனது.

டாக்டர் மறுபக்கமாகவே நகர்ந்து இறங்கி, கைகளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தபோதுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

"தொட்டே வருஷக் கணக்காச்சுன்னீங்களே டாக்டர்," என்றார் மேடம்.

"சின்ன வயசுல ஓட்டிப் பழகினது. கை மறக்குமா?"

"மறக்காது. ஆனா உங்க சின்ன வயசுல ஸ்டியரிங் பக்கக் கதவு ஜோராத் திறந்துச்சு. போன வருஷம் வரைக்கும் திறந்துச்சு. அடைச்சுக்கிட்டது இந்த மழைக்குத்தான். பெத்த பிள்ளை மாதிரி இதை வளர்க்கற உங்க அப்பாவுக்கே அது தெரியாது. காலையில அந்தப் பக்கம் போய்த்தான் இழுத்தார். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல."

மகளின் கை முந்தானையிலிருந்து நழுவியது. "தம்பி?" என்றார்.

"அக்கா, இவங்க உளர்றாங்க! முந்தாநாள் பூரா நான் டூட்டில இருந்தேன். என் கார் ஆஸ்பத்திரிலயே நின்னுச்சு. வாட்ச்மேனைக் கேளு!"

"கேட்டாச்சு," என்று வாயாடி முகத்துக் கரியைத் துடைத்தான். அவனுக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "உங்க கார் டூட்டிலதான் இருந்துச்சு டாக்டர். பாவம், அது தினமும் லீவே போடாம டூட்டி பார்க்குது. நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊருக்கு அந்தக் கோடியில ஒரு கிளினிக்ல," என்றார் மேடம். "ஆஸ்பத்திரி நர்ஸ்தான் பேரைச் சொன்னாங்க, நான் போன் பண்ணினேன். டாக்டர் தினமும் மதியம் இருப்பார், சாயங்காலம் ஆஸ்பத்திரி வேலை இருக்கு, அதனால மதியமே வந்துடுங்கன்னாங்க. எனக்கு இன்னிக்கே அப்பாயின்ட்மென்ட் கொடுத்துட்டாங்க. அந்தக் கிளினிக் கடையைத் திறக்கணும்னுதானே டாக்டர் இப்ப இவ்வளவு அவசரம்? புதுக் கார் ஆஸ்பத்திரில நின்னு ஊரை ஏமாத்தும். கிளினிக்குக்குப் போக ஒரு கார் வேணும். இந்தக் குப்பையில ஒரு டாக்டர் போவார்னு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. மருந்து சோப்பு வாசனை மட்டும்தான் காட்டிக் கொடுத்துச்சு."

டாக்டர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார்.

வாசற்படியில் பெரியவர் எழுந்து நின்றார். "கிளினிக்கா?" என்றார். "உயிர் போற கேஸுன்னு சொல்வியேடா. ஆம்புலன்ஸ் கிடைக்கல, அவசரம், காரைக் கொடுங்கப்பான்னு சொல்வியே. தினமும் எவனோ ஒருத்தன் உயிரு என் காரால பொழைக்குதுன்னுதானே இதைக் கட்டிக் காப்பாத்தினேன். கண்ணு தெரியாம, கையால தடவித் தடவி. ஒருத்தனை இடிச்சுட்டேன்பா, பத்து உயிரைக் காப்பாத்தற அவசரத்துல இடிச்சுட்டேன்னு சொன்னே. அதனாலதானே நான் தலையைக் கொடுத்தேன்."

"அப்பா, மெதுவாப் பேசுங்க," என்றார் டாக்டர்.

"ஐயா, இன்னொண்ணும் நீங்க கேட்டுடணும்," என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை, வெறுப்பு மட்டும்தான் இருந்தது. "இஸ்திரிக்காரரை ஜனங்க தூக்கிக்கிட்டு வந்தது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான். டூட்டி டாக்டர் எங்கேன்னு அவர் சம்சாரம் ஒவ்வொரு ரூமா ஓடியிருக்காங்க. கார் நிக்குது, டாக்டர் இருக்கார், வருவார்னு உட்கார வச்சிருக்காங்க. மதியம் பூரா அந்த ஆள் ஸ்ட்ரெச்சர்ல கிடந்தார். முன்னாடியே பார்த்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னு நர்ஸே சொல்றாங்க. அன்னிக்கு டூட்டி டாக்டர் உங்க மகன்."

எலிப் புழுக்கையும் கழிவுநீரும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று வாயாடிக்குத் தோன்றியது. இடித்ததும் இவர். இடிபட்டவனைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதும் இவர். சாயங்காலம் திரும்பி வந்து, கையைக் கழுவிக்கொண்டு, அந்தக் காலை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் இவராகத்தான் இருக்கும்.

"மேடம், அந்த லாரி..." என்று மெல்லக் கேட்டான்.

"நான்தான் வரச் சொன்னேன். நாத்தம் அடிச்சாத்தான் மனுஷன் யோசிக்காம அவசரப்படுவான். பழைய காரைப் பழக்கினவனுக்கு, அடுத்தவன் அதைத் தப்பா ஓட்டறதைப் பார்க்கப் பொறுக்காது. உன்னை மாதிரி தப்பா ஓட்ட வேற ஆளும் கிடைக்காது."

டாக்டர் அக்காவைப் பார்க்கவில்லை. நேராகப் படியேறி, அப்பாவின் ஆயில் படிந்த கையைத் தன்னுடைய இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, நடந்தது நடந்துபோச்சு. நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். உங்க வயசுக்கு ஜாமீன் ஈசியாக் கிடைச்சுடும். நான் உள்ள போனா என் படிப்பு, பேரு, எல்லாம் போச்சு. எத்தனை நோயாளிங்க என்னை நம்பி இருக்காங்க? யோசிங்கப்பா. இவங்க சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க, நீங்க மாத்திச் சொல்லாத வரைக்கும்."

"டேய், வெட்கமா இல்லையாடா உனக்கு?" என்று மகள் அலறினார்.

பெரியவர் அந்தக் கைகளிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். காலையிலிருந்து கறுப்பு ஆயிலோடு இருந்த கை அது; ஒரு முறைகூட அவர் துடைத்துக்கொள்ளாத கை. இப்போது அதைச் சட்டையில் தேய்த்தார். முன்பக்கம் தேய்த்தார், புறங்கையைத் தேய்த்தார், விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார்.

"அப்பா, நான் உங்க பிள்ளைப்பா."

"அதுதான்டா எனக்கு அருவருப்பா இருக்கு," என்றார் பெரியவர்.

பிறகு மகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"செருப்பை எடுத்துக் கொடும்மா. ஸ்டேஷனுக்குப் போய், நான் சொன்னது பொய், ஓட்டினது இவன்னு சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அந்த இஸ்திரிக்காரர் கிட்ட முதல்ல சொல்லணும்."